பல் ஈறில் இரத்தம், உடம்பில் நீலத்திட்டு: அரிதான ஓர் இரத்தப் புற்றுநோயை அறிந்துகொள்வோம்



புற்றுநோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மார்பகப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும்தான். இந்த இரண்டைப் பற்றியும் முகாம்களில் கேட்டிருக்கிறோம், குழுக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். கட்டி இருக்கிறதா என்று நாமே தடவிப் பார்க்கவும் கற்றுக்கொண்டோம். ஆனால் கட்டியே இல்லாத புற்றுநோயும் உண்டு. அது இரத்தத்தில் வருவது. அதிலும் மிக அரிதான ஒரு வகையைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

"அரிதான நோய்தானே, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். மூன்று காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, இதன் அறிகுறி பெண்களுக்குப் பல நேரம் மாதவிலக்கில்தான் முதலில் தெரியும். அதை நாம் வெளியே சொல்வதில்லை.

இரண்டு, இது கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். நேரத்தோடு ஆஸ்பத்திரி போனால் பெரும்பாலும் குணமாகிவிடும். இடையில் இருப்பது நாள் கணக்குதான்.

மூன்று, இந்த நோய்க்கு ஏழைகளாலும் பெற முடிந்த சிகிச்சையை உலகத்துக்குக் காட்டியவர்களில், நம் கணியம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூர் மருத்துவர்களும் உண்டு.

நோயின் பெயர் என்ன?

அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. சுருக்கமாக ஏ.பி.எல். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அறிகுறியை மறக்காமல் இருந்தால் போதும்.

நல்லி எலும்பைத் தட்டினால் உள்ளே கொழகொழவென்று ஒன்று வரும் அல்லவா? அதுதான் எலும்பு மஜ்ஜை. நம் உடம்பில் இரத்தம் உற்பத்தியாகும் இடம் அதுதான். அங்கே மூன்று வகை அணுக்கள் உண்டாகின்றன.

சிவப்பணு: உடம்புக்குத் தெம்பு தருவது. குறைந்தால் இரத்தசோகை, மூச்சு வாங்குதல்.

வெள்ளையணு: கிருமியோடு சண்டை போடுவது. குறைந்தால் காய்ச்சல், வாய்ப்புண்.

தட்டணு: காயம் பட்டால் இரத்தத்தை நிறுத்த உதவுவது. குறைந்தால் இரத்தம் கசியும். டெங்கு வந்த வீட்டில் "தட்டணு குறைஞ்சு போச்சு" என்று சொல்வார்களே, அதே தட்டணுதான். சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும்.

நெல் விதைத்தால் முதலில் நாற்றங்காலில் நாற்றாகும். பறித்து நட்டால் பயிராகும். வெள்ளையணுவும் மஜ்ஜையில் முதலில் நாற்றுபோல இருந்து, பிறகு முதிர்ந்து, இரத்தத்தில் வேலைக்கு வரும். ஏ.பி.எல். நோயில் ஒரு வகை வெள்ளையணு முதிராமல் நாற்றாகவே நின்றுவிடுகிறது. நின்றதோடு இல்லாமல் பெருகிக்கொண்டே போகிறது. நாற்றங்கால் முழுக்க அதுவே நெருக்கினால் மற்ற பயிருக்கு இடம் ஏது? சிவப்பணுவும் தட்டணுவும் குறைந்துபோகின்றன.

இதோடு நின்றால் மற்ற இரத்தப் புற்றுநோய் மாதிரிதான். ஏ.பி.எல்.லில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. முதிராத அந்த அணுக்கள் சில பொருள்களைக் கக்குகின்றன. அவை இரத்தத்தின் உறையும் சக்தியையே தின்றுவிடுகின்றன. மலையோரத்தில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு என்ன ஆகும்? ஊசி குத்திய இடத்தில்கூட இரத்தம் நிற்காது. ஈறில் வரும், சிறுநீரில் வரும். ஏறக்குறைய அதே நிலைமை இங்கே பாம்பு கடிக்காமலே வருகிறது. மூளைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ இரத்தம் கசிந்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம். இந்த நோயில் ஆரம்பத்திலேயே இறந்துபோகிறவர்களில் அதிகம் பேர் இப்படித்தான் இறக்கிறார்கள்.

யாருக்கு வரும்?

கடும் மைலாய்டு இரத்தப் புற்று என்று ஒரு வகை உண்டு. அந்த நோய் வந்த 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 15 பேருக்குத்தான் இந்த ஏ.பி.எல். வருகிறது. அரிது என்று சொல்வது அதனால்தான். ஆனால் மற்ற பல புற்றுநோய்போல வயதான காலத்தில்தான் வரும் என்று இல்லை. நடுத்தர வயதுக்காரர்களுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் அதிகமாக வருகிறது. குழந்தைகளுக்கும் வரலாம். அதாவது வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிற வயதில் வருகிறது.

ஏன் வருகிறது என்றும் கேட்பீர்கள். குழுவில் சேமிப்புக்கு ஒரு பேரேடு, கடனுக்கு ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். சேமிப்புப் பேரேட்டில் பாதியும் கடன் பேரேட்டில் பாதியும் கிழிந்து, மாறி ஒட்டிக்கொண்டால் கணக்கு என்ன ஆகும்? நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் இப்படிக் கணக்குப் புத்தகங்கள் உண்டு. அவற்றைக் குரோமோசோம் என்கிறார்கள். ஏ.பி.எல்.லில் 15-ஆம் எண் புத்தகமும் 17-ஆம் எண் புத்தகமும் இப்படிப் பக்கம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. "முதிர்ந்து வேலைக்குப் போ" என்று எழுதியிருந்த பக்கம் கெட்டுப்போகிறது. இது பிறந்த பிறகு மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் நடக்கிற தவறு. தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை. பிள்ளைக்கும் போவதில்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. செய்வினையும் இல்லை, முன் ஜென்மப் பாவமும் இல்லை.

அறிகுறிகள்: இதை மனப்பாடம் செய்யுங்கள்

1. காரணமில்லாமல் பல் ஈறில் அல்லது மூக்கில் இரத்தம் வருவது, நிற்காமல் கசிவது.

2. அடிபடாமலே தொடை, கை, வயிறு ஆகிய இடங்களில் நீலத்திட்டு, கருத்திட்டு தோன்றுவது.

3. காலில் கொசு கடித்த மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் அவை மறையாது.

4. மாதவிலக்கு திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாவது, பல நாள் நீடிப்பது, கட்டி கட்டியாகப் போவது.

5. சில வாரங்களுக்குள் வந்த கடும் அசதி, வெளுத்த முகம், மூச்சு வாங்குதல்.

6. விட்டுவிட்டு வரும் காய்ச்சல்.

ஈறில் மட்டும் இரத்தம் வந்தால் பெரும்பாலும் அது ஈறு நோய்தான். மாதவிலக்கு மட்டும் அதிகமானால் கர்ப்பப்பைக் கட்டி போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் காட்ட வேண்டும். இந்த ஆறில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அடுத்த சந்தை நாள், அடுத்த சம்பள நாள் என்று தள்ளக் கூடாது. பலமான தலைவலி, வாந்தி, கண் மங்கல், பேச்சுக் குழறல் வந்தால் அதே நிமிடம் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாள் எப்படிக் கழிகிறது?

ஒரு குழு உறுப்பினரை நினைத்துக்கொள்வோம். வயது 32. ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். அவருக்கு மாதவிலக்கு வந்து எட்டு நாளாகியும் நிற்கவில்லை. நாத்தனாரிடம் சொல்கிறார்.

"என்னான்னு தெரியல, இந்த மாசம் நிக்கவே மாட்டேங்குது."

"சூடா இருக்கும் அண்ணி. ராத்திரியில வெந்தயம் ஊறவெச்சி காலையில குடிங்க."

இரண்டு நாள் வெந்தயத்தில் போகிறது. தொடையில் நீலத்திட்டு. "பஸ்ஸுல இடிச்சிக்கிட்டிருப்பேன்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். இன்னும் இரண்டு நாள் போகிறது. காய்ச்சல் வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறார். லீவு போட்டால் கூலி போகும், குழுத் தவணை நிற்கும். பல் விளக்கும்போது இரத்தம். "ஈறு வீக்கம்" என்று பல் பிடுங்கப் போகிறார். பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் வீடே பதறுகிறது.

யார் மீதும் தப்பு சொல்ல முடியாது. ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு சமாதானம் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழுத் தோழியாக இருக்கலாம். "அக்கா, தீட்டும் நிக்கல, காலிலயும் திட்டு, ஈறிலயும் ரத்தம். வாங்க, இப்பவே போலாம், நானும் வரேன்" என்று சொல்ல ஒருத்தி இருந்தால் போதும். ஆறு நாள் மிச்சமாகும். அந்த ஆறு நாளில் ஓர் உயிர் இருக்கிறது.

எங்கே போவது, என்ன சொல்வது?

பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். இரத்தம் அதிகமாகப் போனால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். கணியம்பாடியிலிருந்து வேலூர் போகிற வழியிலேயே அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் சமூக நல மருத்துவமனை இருக்கிறது. நம் வட்டார மக்கள் அதை 'சாட்' என்றே சொல்கிறோம். அமிர்தி தாண்டி மலைக்கு மேலே இருக்கும் சகோதரிகள் பஸ் நேரம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். சி.எம்.சி.க்கு இப்போது வேலூர் டவுனிலும் ராணிப்பேட்டை பக்கத்திலும் வளாகங்கள் உள்ளன. எழுதிக் கொடுத்து அனுப்பினால், எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

டாக்டரிடம் மாதவிலக்கைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். எத்தனை நாளாகப் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்றுகிறீர்கள், கட்டியாகப் போகிறதா, போன மாதம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ஆண் டாக்டராக இருந்தால் நர்ஸம்மாவிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். திட்டு இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். சும்மா "அசதியா இருக்கு" என்று சொன்னால் சத்து மாத்திரையோடு திரும்பி வருவோம்.

கண்டுபிடிப்பது எப்படி?

இது நான்கு படி.

முதல் படி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை. சி.பி.சி. என்பார்கள். கையில் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் என்றால் வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏ.பி.எல்.லில் பெரும்பாலும் வெள்ளையணு குறைந்தே இருக்கும். தட்டணுவும் குறைவு, காய்ச்சலும் உண்டு. அதனால் டெங்கு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

இரண்டாம் படி, ஸ்மியர். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது. மெஷின் எண்ணிச் சொல்வது வேறு, மனிதர் கண்ணால் பார்ப்பது வேறு. ஏ.பி.எல். அணுவுக்குள் மெல்லிய குச்சிகள் கட்டுக் கட்டாகத் தெரியும். நாம் காட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் விறகுக் கட்டு மாதிரியே இருக்கும். வெளிநாட்டு மருத்துவர்களும் விறகுக் கட்டு என்ற பொருளில்தான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விறகுக் கட்டைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். தட்டணு குறைவு, காரணம் தெரியவில்லை என்றால், "ஸ்மியர் பார்த்தீங்களா டாக்டர்?" என்று நாமும் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாம் படி, இரத்தம் உறையும் சக்தியைப் பார்க்கும் சோதனையும் எலும்பு மஜ்ஜைச் சோதனையும். இடுப்பு எலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் மஜ்ஜை எடுப்பார்கள். "முதுகுத்தண்டுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். இது முதுகுத்தண்டு இல்லை, இடுப்பு எலும்பு. கொஞ்சம் வலிக்கும், பிறகு சரியாகிவிடும்.

நான்காம் படி, மரபணுச் சோதனை. பக்கம் மாறி ஒட்டிய அந்த 15, 17 புத்தகங்களைத் தேடுவது. இதுதான் நோயை உறுதி செய்கிறது. இது வர நாளாகலாம். அதுவரை டாக்டர்கள் காத்திருப்பதில்லை. ஸ்மியரைப் பார்த்துச் சந்தேகம் வந்த உடனே மருந்தைத் தொடங்குவதுதான் முறை. "ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள மருந்தா?" என்று வீட்டு ஆண்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பாஷாணம் மருந்தான கதை

நார்வே நாட்டு மருத்துவர் ஹில்லெஸ்டாட் 1957-ல் இந்த நோயைத் தனி வகையாக எழுதினார். வந்தால் சில வாரம்தான் என்ற நிலைமை அப்போது. இரத்தப் புற்றுகளிலேயே மிகக் கொடியது என்று பெயர் வாங்கியிருந்தது.

அதை மாற்றிய மருந்து இரண்டு. இரண்டும் சீனாவிலிருந்து வந்தவை.

முதல் மருந்து ஏ.டி.ஆர்.ஏ. இது வைட்டமின் ஏ சத்தின் ஒரு வடிவம், விழுங்கும் மாத்திரை. ஷாங்காய் நகரத்து மருத்துவர் வாங் சென்யீ 1985-ல் இதை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்தார். வேறு வழி இல்லாத நிலையில் இருந்த அந்தக் குழந்தை பிழைத்தது. 1988-ல் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். இந்த மருந்து கெட்ட அணுவைக் கொல்வதைவிட அதை முதிரச் செய்கிறது. நின்றுபோன நாற்றைப் பயிராக்கிவிடுகிறது என்று சொல்லலாம்.

இரண்டாவது மருந்து நம் வீட்டில் திட்டுவதற்குப் பயன்படும் சொல். பாஷாணம்! ஆர்சனிக் ட்ரையாக்சைடு. 1970-களில் ஹார்பின் நகரத்து மருத்துவர் சாங் டிங்டாங்கும் அவருடைய குழுவினரும், கிராமத்தில் புழங்கிய ஒரு நாட்டு மருந்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் ஆர்சனிக், பாதரசம், தேரை விஷம் எல்லாம் இருந்தன. எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆர்சனிக் என்று தெரிந்தது. அதைச் சுத்தப்படுத்தி, அளவு கண்டுபிடித்து, நரம்பில் ஏற்றும் மருந்தாக்கினார்கள்.

இப்போது வேலூருக்கு வருவோம். 1990-களில் உலகம் முழுக்க ஏ.டி.ஆர்.ஏ.வோடு கீமோதெரபியும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். அதற்கு ஆகும் செலவு சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாதது. கீமோவால் கிருமித் தொற்று வந்தால் அதற்கு வேறு செலவு. பணம் இல்லை என்று திரும்பிப் போனால் சாவுதான். வேலூர் சி.எம்.சி.யின் இரத்தவியல் மருத்துவர்கள், விக்ரம் மேத்யூஸ், மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோர் அடங்கிய குழுவினர், உள்நாட்டிலேயே தயாரான ஆர்சனிக் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை 72 பேருக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம். 72 பேரில் 62 பேருக்கு நோய் அடங்கியது. நோய் அடங்கிய பிறகு பெரும்பாலும் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் முறைதான். 2006-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகும் தொடர்ந்து கவனித்ததில், 100-க்கு ஏறக்குறைய 74 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கு கிடைத்தது.

பணக்கார நாடுகளும் பிறகு இதே வழிக்கு வந்தன. இத்தாலி, ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் வெள்ளையணு அதிகம் ஏறாத நோயாளிகள். ஏ.டி.ஆர்.ஏ.வும் ஆர்சனிக்கும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 100-க்கு 97 பேர் இரண்டு ஆண்டுவரை நோய் திரும்பாமல் நன்றாக இருந்தார்கள். கீமோ சேர்த்த பழைய முறையில் அது 100-க்கு 86. இன்றைக்கு இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்தும் சேர்ந்ததே முக்கியச் சிகிச்சை. வெள்ளையணு அதிகமாக ஏறியிருந்தால் கீமோவும் சேர்ப்பார்கள்.

எச்சரிக்கை!

"பாஷாணம்தானே மருந்து? நாட்டு வைத்தியரிடம் கொஞ்சம் வாங்கிச் சாப்பிடலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாஷாணம் விஷம்தான். மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த ஆழ்குழாய்த் தண்ணீரைப் பல ஆண்டு குடித்தவர்களுக்குத் தோல் நோயும் புற்றுநோயும் வந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கொடுப்பது சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில் அளந்தது. அதையும் இசிஜி எடுத்து இதயத் துடிப்பைப் பார்த்து, இரத்தத்தில் உப்புச் சத்துகளையும் கல்லீரலையும் சோதித்துத்தான் கொடுக்கிறார்கள். வேறு எந்தப் புற்றுநோய்க்கும் நாமாக இதைக் கேட்டு வாங்கக் கூடாது.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை

மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் திடீர் காய்ச்சல், மூச்சுத் திணறல், கால் வீக்கம், எடை ஏறுதல் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அணுக்கள் ஒரே நேரத்தில் முதிர்வதால் வரும் கோளாறு இது. நேரத்தோடு சொன்னால் மருந்து உண்டு.

தட்டணுவும் இரத்தமும் ஏற்ற வேண்டியிருக்கும். தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் இரத்தம் கொடுப்பவர்கள் தேவை. இங்கே குழுக் குடும்பங்கள் உதவலாம்.

இரத்தம் கசியும் காலத்தில் பல் பிடுங்கக் கூடாது. இடுப்பில் போடும் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடக் கூடாது. வேப்பங்குச்சி வேண்டாம், மெத்தென்ற பிரஷ் போதும்.

ஏ.டி.ஆர்.ஏ.வும் ஆர்சனிக்கும் வயிற்றில் இருக்கும் கருவைக் கெடுக்கும். நாள் தள்ளிப் போயிருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்காமல் இருக்க வழி கேளுங்கள். மாதவிலக்கை நிறுத்திவைக்க மாத்திரை கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள். உயிரைக் காப்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

இரத்தம் நின்று, உடம்பு தேறியதும் "சரியாயிடுச்சு" என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சை பல மாதம் தொடரும். பாதியில் விட்டால் நோய் திரும்பும். திரும்பினாலும் சிகிச்சை உண்டு, ஆனால் பாடு அதிகம்.

பணத்துக்கு என்ன செய்வது?

நம்மைத் தடுப்பது பாதி நேரம் நோயில்லை, பணம்தான். கந்துவட்டிக்குப் போகும் முன் இவற்றைப் பாருங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று தேவை. நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே அட்டை எடுத்து வைப்பது நல்லது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் என்று அங்கே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும். பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர் இருப்பார். நிலைமையை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

குழு செய்ய வேண்டியது

மருத்துவ அவசரத்துக்குக் கூட்டம் வரும் வரை காத்திராமல் கடன் கொடுக்க, இப்போதே தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எவ்வளவு வரை, யார் கையெழுத்து என்று முடிவு செய்யுங்கள்.

உறுப்பினர் சிகிச்சையில் இருக்கும் மாதங்களில் தவணையை எப்படித் தள்ளிவைப்பது என்று பேசுங்கள். கூட்டத்துக்கு வரவில்லை என்று பெயரை நீக்கக் கூடாது. அபராதமும் வேண்டாம்.

துணைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவும், பிள்ளைகளுக்குச் சோறு போடவும், மாடு பார்க்கவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு "வீட்ட யாரு பாக்கறது?" என்ற ஒரே கேள்விதான் காரணம். குழு நினைத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

குணமாகி வந்தவரின் கையில் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஊர் பேசுவது அன்றைக்கே நின்றுவிடும்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. ஆறு அறிகுறிகளைப் பார்க்காமல் சொல்ல நம் குழுவில் எத்தனை பேரால் முடியும்?

2. மாதவிலக்கு அதிகமானால் நம் வீட்டில் முதலில் யாரிடம் சொல்கிறோம்? எத்தனை நாள் கழித்து டாக்டரிடம் போகிறோம்?

3. நம் குழுவில் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை? எந்தத் தேதிக்குள் எடுப்பது?

4. இரவு நேரத்தில் ஒரு உறுப்பினருக்கு இரத்தம் நிற்காவிட்டால் யார் கூடப் போவது, பணம் யார் கையில் இருக்கும்?

5. இரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பத்தார் யார் யார்? இரத்த வகையோடு எழுதி வைத்திருக்கிறோமா?

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தை எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டவும். அறிகுறிகள் ஆறையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் மாட்டி வைக்கவும். இந்த நோய் நம் குழுவில் யாருக்கும் வராமலே போகலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் திட்டையும் தீட்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், டெங்குவோ கடும் இரத்தசோகையோ கர்ப்பப்பைக் கோளாறோ, எது வந்தாலும் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரி போவோம். அந்தப் பழக்கம்தான் இந்தப் பாடத்தின் பலன்.